தெருவில் எந்த வீடு? ராமானுஜனின் வாணலியும் ஒரு பத்திரிகைப் புதிரும்

ராமானுஜனைப் பற்றிய கதைகளில் 1729 கதை எல்லாருக்கும் தெரியும். டாக்ஸி நம்பர், ஆஸ்பத்திரி, ஹார்டி. அதற்கு அடுத்தபடியாக அதிகம் சுற்றுவது வாணலிக் கதை. கேம்பிரிட்ஜில் தன் அறையில் ராமானுஜன் காய் வதக்கிக்கொண்டிருக்கிறார். நண்பர் ஒருவர் பத்திரிகையில் வந்த புதிரைப் படித்துக் காட்டுகிறார். கரண்டியைக் கீழே வைக்காமலேயே ராமானுஜன் விடை சொல்லிவிடுகிறார். அதுவும் ஒரே ஒரு விடை இல்லை, முடிவில்லாத விடைகள் எல்லாவற்றையும் சேர்த்து. கதை அங்கே முடிந்துவிடும். கேட்டவர் "அடேங்கப்பா" என்பார். அவ்வளவுதான்.

போன மாதம் என் அக்கா பெண்ணிடம் இந்தக் கதையை நானும் அப்படித்தான் சொன்னேன். ஒன்பதாவது படிக்கிறாள். "அடேங்கப்பா" சொல்லவில்லை. "அவருக்கு மட்டும் எப்படி மாமா தெரிஞ்சுது?" என்று கேட்டாள். நான் படித்த காலத்தில் எங்கள் வாத்தியார் சொன்ன பதில்தான் வாயில் வந்தது: நாமகிரித் தாயார் அருள், பிறவி மேதை. "அப்ப நமக்கெல்லாம் வராதுல்ல" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பதில் எனக்கு உறுத்தியது. ஏனென்றால் அதே வயதில் அதே பதிலைக் கேட்டு நானும் அதே முடிவுக்குத்தான் வந்தேன். பல வருஷம் கழித்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோதுதான், இந்தப் புதிரின் உள்ளே ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம். பேப்பர், பேனா எடுத்துக்கொண்டால் நல்லது.

புதிர் எங்கிருந்து வந்தது

1914 ஏப்ரலில் ராமானுஜன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டில் முதல் உலகப் போர் ஆரம்பித்துவிட்டது. அதே மாதக் கடைசியில் ஜெர்மன் படை பெல்ஜியத்தின் லூவேன் நகரத்தைக் கொளுத்தியது. இருநூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்துப்போனார்கள். பல்கலைக்கழக நூலகம், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களோடு, எரிந்து சாம்பலானது. பெல்ஜிய அகதிகள் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்துக்கு வந்தார்கள்.

அந்த டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் ஒரு புதிர் வந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் வெளிவந்த அதே ஸ்ட்ராண்ட்தான். அதில் மாதா மாதம் புதிர்ப் பகுதி எழுதியவர் ஹென்றி டியூடனி. காலேஜ் படிப்பு கிடையாது. 13 வயதிலேயே அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். கணக்கைத் தானாகவே கற்றுக்கொண்டவர். சமபக்க முக்கோணம் ஒன்றை நாலே துண்டாக வெட்டிச் சதுரமாக அடுக்கிக் காட்டியவர். இன்றைக்கும் இன்டர்வியூ தேர்வுகளில் வருகிற, எழுத்துக்குப் பதில் எண் போடும் 'செண்ட் பிளஸ் மோர் இஸ் ஈக்வல் டு மணி' கணக்கும் அவருடையதுதான், 1924இல் போட்டது.

டிசம்பர் 1914 புதிரில், ஒரு கிராமத்து மதுக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஒரு பெல்ஜியக்காரரைப் பற்றிச் சொல்கிறார். அதன் சாரம் இதுதான்:

லூவேனில் ஒரு நீளமான தெரு. அவர் வீடு இருந்த பக்கத்தில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். அவர் வீட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும் வீட்டு எண்களை எல்லாம் கூட்டினால் வரும் தொகையும், மறுபக்கம் இருக்கும் எண்களைக் கூட்டினால் வரும் தொகையும் சமம். அந்தப் பக்கத்தில் 50க்கு மேல் வீடுகள் உண்டு, ஆனால் 500 கிடையாது. அப்படியானால் அவர் வீட்டு எண் என்ன?

இதைப் படித்துக் காட்டிய நண்பர் பி.சி. மகலனோபிஸ். அப்போது கிங்ஸ் காலேஜ் மாணவர். பின்னாளில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பித்தவர். ராமானுஜன் அறைக்குச் சாப்பிட வந்திருந்தார். கையில் ஸ்ட்ராண்ட். அவரும் சும்மா வரவில்லை. சில நிமிஷம் போட்டுப் பார்த்து விடையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். பக்கத்து அறையில் கேஸ் அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருந்த ராமானுஜனிடம் "இதோ உங்களுக்கு ஒரு கணக்கு" என்கிற மாதிரி புதிரைச் சொன்னார். ராமானுஜனோ "எழுதிக்கோங்க" என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அந்த ஒரு பின்னத்துக்குள்ளேயே எல்லா விடைகளும் அடக்கம்.

முதலில் சின்னத் தெரு

50, 500 எல்லாம் அப்புறம். எட்டு வீடு மட்டும் உள்ள தெருவை எடுத்துக்கொள்வோம்.

6ஆம் எண் வீட்டு வாசலில் நில்லுங்கள். இடது பக்கம் 1+2+3+4+5 = 15. வலது பக்கம் 7+8 = 15. சமம்! இடப்பக்கம் ஐந்து வீடு, வலப்பக்கம் இரண்டே வீடு. எண்கள் பெரிதாக இருப்பதால் ஈடு கட்டிவிடுகிறது.

ஏழு வீட்டுத் தெருவில் முயன்று பாருங்கள். வராது. ஒன்பதிலும் வராது, பத்திலும் வராது. ஆக, எல்லாத் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்காது. எந்தத் தெருவில் இருக்கும் என்பதுதான் உண்மையான கேள்வி.

தெருவில் மொத்தம் 'த' வீடுகள், நம் ஆள் வீட்டு எண் 'வ' என்று வைத்துக்கொள்வோம். 1 முதல் ஏதோ ஒரு எண் வரை கூட்ட, அந்த எண்ணை அடுத்த எண்ணால் பெருக்கிப் பாதியாக்கினால் போதும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இடது பக்கத் தொகையோடு வ-வைச் சேர்த்தால் 1 முதல் வ வரை. வலது பக்கத் தொகையோடு வ-வைச் சேர்த்தால் வ முதல் த வரை. இரண்டும் சமம். இரண்டையும் கூட்டினால் தெரு முழுக்க வந்துவிடும், வ மட்டும் இரண்டு தடவை வரும். அதாவது:

வ × (வ + 1) = த × (த + 1) ÷ 2 + வ

இரண்டு பக்கமும் வ-வைக் கழித்தால்:

வ² = த × (த + 1) ÷ 2

எட்டு வீட்டுத் தெருவில் சரிபார்ப்போம். 8 × 9 ÷ 2 = 36. அது 6². சரியாக இருக்கிறது.

புதிர் இப்போது சுருங்கிவிட்டது: 1 முதல் த வரை கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும். அவ்வளவுதான் கேள்வி.

ஏழே ஏழு சோதனை

இங்கிருந்து மேதை இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்த பகுதி.

த, த+1 இரண்டும் அடுத்தடுத்த எண்கள். அவற்றுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. இரட்டையைப் பாதியாக்கிவிட்டு இரண்டையும் பெருக்கினால் முழு வர்க்கம் வர வேண்டும்.

முழு வர்க்கத்தைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும். பெருக்கப்படும் இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி இல்லை என்பதால், ஒரு ஜோடியில் பாதி இங்கே, பாதி அங்கே என்று பிரிந்து உட்கார முடியாது. ஜோடியாகவே ஏதாவது ஒரு பக்கம் போய்விடும். ஆகவே இரண்டு எண்களுமே தனித்தனியாக முழு வர்க்கங்கள். அதாவது ஒற்றை எண் ஒரு முழு வர்க்கம், பக்கத்து இரட்டை எண் ஒரு வர்க்கத்தின் இரண்டு மடங்கு.

8, 9: 9 என்பது 3², 8 என்பது 2 × 2². பொருந்துகிறது.

இனி 50க்கும் 500க்கும் நடுவில் இருக்கிற ஒற்றை வர்க்கங்களை எழுதுங்கள்: 81, 121, 169, 225, 289, 361, 441. மொத்தம் ஏழுதான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு எண், பின்னால் ஒரு எண். அதைப் பாதியாக்கினால் வர்க்கம் வருகிறதா?

81க்கு 40, 41. இல்லை.
121க்கு 60, 61. இல்லை.
169க்கு 84, 85. இல்லை.
225க்கு 112, 113. இல்லை.
289க்கு 144, 145. இதோ, 144 = 12².
361க்கு 180, 181. இல்லை.
441க்கு 220, 221. இல்லை.

ஆக 288, 289 ஜோடிதான். தெருவில் 288 வீடுகள். வீட்டு எண் 17 × 12 = 204.

சரிபார்க்கலாம். 1 முதல் 203 வரை கூட்டினால் 20,706. 1 முதல் 288 வரை 41,616. அதில் 1 முதல் 204 வரையான 20,910-ஐக் கழித்தால் மிச்சம் 20,706. சமம்.

லூவேன்காரரின் வீட்டு எண் 204. கால்குலேட்டர்கூட வேண்டாம்.

ராமானுஜன் பார்த்தது வேறு

மேலே செய்தது புதிருக்கு விடை. ராமானுஜன் சொன்னதோ அந்த மாதிரிப் புதிர்கள் அத்தனைக்கும் விடை. எப்படித் தோன்றியது என்று மகலனோபிஸ் கேட்டபோது அவர் சொன்ன பதிலின் சாரம்: கேட்ட உடனே இது தொடர் பின்னத்தில் போய் நிற்கும் என்று தெரிந்தது, எந்தப் பின்னம் என்று யோசித்தேன், வந்துவிட்டது.

கதை சொல்பவர்கள் எல்லாரும் 'வந்துவிட்டது' என்ற கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு முதல் பாதிதான் முக்கியம். கேட்டதுமே தொடர் பின்னம் என்று ஏன் தெரிய வேண்டும்?

வ² = த × (த + 1) ÷ 2 என்பதை இரண்டு பக்கமும் 8ஆல் பெருக்குங்கள். 8வ² = 4த² + 4த. வலது பக்கத்தோடு 1 சேர்த்தால் அது (2த + 1)². ஆகவே:

(2த + 1)² − 2 × (2வ)² = 1

2த + 1-ஐ 'ப' என்றும், 2வ-வை 'க' என்றும் எழுதினால்:

ப² − 2க² = 1

இதை வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். ஒரு வர்க்கம், இன்னொரு வர்க்கத்தின் இரண்டு மடங்கை விட ஒன்றே ஒன்று அதிகம். ஒரு முழு எண்ணின் வர்க்கம் இன்னொன்றின் சரியாக இரண்டு மடங்காக இருக்கவே முடியாது, ஏனென்றால் √2 பின்னமாக வராது. எனவே வித்தியாசம் 1 என்பதுதான் நெருங்கக்கூடிய கடைசி எல்லை. அதாவது ப/க என்பது √2-வுக்கு மிக மிக நெருக்கமான ஒரு பின்னம்.

√2-வுக்கு நெருக்கமான பின்னங்களைக் கண்டுபிடிக்கும் கருவிதான் தொடர் பின்னம். கொல்லன் பட்டறையில் ஆணி பிடுங்க வேண்டும் என்று சொன்னால், குறடு எங்கே என்று அவன் யோசிக்க மாட்டான், கை தானாகப் போகும். அந்த மாதிரிதான் இதுவும்.

தொடர் பின்னம் எப்படி ஓடுகிறது

(√2 − 1) × (√2 + 1) = 1. இதிலிருந்து:

√2 = 1 + 1 ÷ (1 + √2)

வலது பக்கத்திலும் √2 இருக்கிறது. அதன் இடத்தில் மறுபடியும் இதே வரியைப் போடலாம். மறுபடியும், மறுபடியும். நிற்காமல் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதுதான் தொடர் பின்னம்.

கைக்கணக்குக்கு இன்னும் சுலபமான வழி: வலது பக்க √2-வின் இடத்தில் நமக்குத் தெரிந்த ஒரு பின்னத்தை, ப/க என்று, போடுங்கள். சுருக்கினால் (ப + 2க) ÷ (ப + க) வரும். அதாவது பழைய பின்னத்திலிருந்து புதிய பின்னம் செய்ய விதி: கீழே ப + க, மேலே ப + 2க. 1/1-இல் ஆரம்பித்தால்:

1/1, 3/2, 7/5, 17/12, 41/29, 99/70, 239/169, 577/408...

இப்போது ஒவ்வொன்றுக்கும் ப² − 2க² போட்டுப் பாருங்கள். −1, +1, −1, +1 என்று மாறி மாறி வரும். எப்போதும் இப்படித்தான் வருமா? வரும். (ப + 2க)² − 2(ப + க)² என்பதை விரித்தால் நடுவில் 4பக-க்கள் அடிபட்டு 2க² − ப² மிஞ்சும். அதாவது பழைய விடைக்குக் குறி மாறினால் புதிய விடை. விரித்துப் பார்க்க ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா போதும்.

நமக்கு +1 வேண்டும். ஆகவே ஒன்று விட்டு ஒன்று:

3/2: த = 1, வ = 1. ஒரே வீட்டுத் தெரு. இரண்டு பக்கமும் பூஜ்யம். இதுவும் விடைதான்!
17/12: த = 8, வ = 6.
99/70: த = 49, வ = 35.
577/408: த = 288, வ = 204.
அடுத்தது 3363/2378: த = 1681, வ = 1189.

டியூடனியின் குறும்பு இப்போது புரியும். 50க்கு மேல் என்று ஏன் சொன்னார்? 49-ஐ வெளியே தள்ள. மயிரிழையில் தள்ளியிருக்கிறார். 500க்குள் என்றால் 1681 வராது. நடுவில் மாட்டுவது 288 மட்டும்.

இந்த வீட்டு எண்களை மட்டும் வரிசையாக எழுதினால் இன்னொரு அழகு தெரியும்: 1, 6, 35, 204, 1189. முந்தியதை 6ஆல் பெருக்கி அதற்கு முந்தியதைக் கழித்தால் அடுத்தது. 6 × 6 − 1 = 35. 6 × 35 − 6 = 204. 6 × 204 − 35 = 1189. இதையும் ஒரு தொடர் பின்னமாக எழுதலாம்: ஒன்றின் கீழே 6, அதிலிருந்து கழித்தல் ஒன்றின் கீழே 6, அதிலிருந்து மறுபடியும் கழித்தல் ஒன்றின் கீழே 6... எங்கே வெட்டினாலும் 1/6, 6/35, 35/204, 204/1189 என்று அடுத்தடுத்த இரண்டு வீட்டு எண்கள் கிடைக்கும். ஒரே ஒரு பின்னத்துக்குள் எல்லா விடையும் அடங்கும் என்பதன் அர்த்தம் இதுதான்.

ஏதாவது விட்டுப்போயிற்றா?

இங்கே நிறுத்திவிட்டால் நேர்மையாக இருக்காது. சங்கிலி விடைகளைத் தருகிறது, சரி. சங்கிலிக்கு வெளியே வேறு விடை ஒளிந்திருந்தால்?

பின்னோக்கி நடந்து பார்ப்போம். எந்த விடை (ப, க) கிடைத்தாலும், விதியைத் தலைகீழாக்கினால் அதற்கு முந்தியது (2க − ப, ப − க). க என்பது 1 அல்லது அதற்கு மேல் என்றால் ப என்பது க-வுக்குக் குறையாது, 2க-வை எட்டாது (ப² என்பது 2க²-ஐ ஒட்டி இருப்பதால்). ஆகவே புதிய கீழ் எண் ப − க, பழைய க-வை விடச் சின்னது, ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஒவ்வொரு படியிலும் சின்னதாகிக்கொண்டே போனால் கடைசியில் பூஜ்யத்தில்தான் நிற்க முடியும். கீழ் எண் பூஜ்யம் என்றால் மேல் எண் 1. அதற்கு அடுத்த படி 1/1. அங்கேதான் நாம் ஆரம்பித்தோம்.

ஆகவே எந்த விடையைக் கையில் எடுத்தாலும் அது இந்தச் சங்கிலியில் தொங்குவதுதான். ஒளிந்திருக்க இடமே இல்லை.

577/408 பழைய ஆள்

இந்தப் புதிரில் எனக்குச் சிலிர்த்த இடம் ஒன்று உண்டு. 577/408 என்ற பின்னத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம். தேடிப் பார்த்தேன்.

யாக குண்டம் கட்டுவதற்கான அளவு விதிகளைச் சொல்லும் பௌதாயன சுல்ப சூத்திரத்தில், சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு ஒரு விதி வருகிறது. பக்கத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைச் சேர், அந்த மூன்றில் ஒன்றின் நாலில் ஒரு பங்கைச் சேர், பிறகு அந்த நாலில் ஒன்றின் முப்பத்து நாலில் ஒரு பங்கைக் கழி. போட்டுப் பாருங்கள்: 1 + 1/3 + 1/12 = 17/12. அதிலிருந்து 1/408-ஐக் கழித்தால் 577/408. ஐந்து தசம இடம் வரை √2-வோடு ஒத்துப்போகும் பின்னம். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னால் செங்கல் அடுக்கியவர்களிடம் இருந்த அதே எண்ணிலிருந்துதான் 1914இல் லூவேன் வீட்டு எண் வருகிறது. மேல் எண்ணில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் 288, கீழ் எண்ணைப் பாதியாக்கினால் 204.

ப² − 2க² = 1 மாதிரிச் சமன்பாடுகளுக்கு இன்றைக்குப் 'பெல் சமன்பாடு' என்று பேர். ஜான் பெல் என்ற ஆங்கிலேயருக்கும் அதன் தீர்வுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஆய்லர் தவறாக அவர் பேரைச் சொல்லப்போய் அது ஒட்டிக்கொண்டது. 628இலேயே பிரம்மகுப்தர் இதற்கு வழி கண்டிருந்தார்: இரண்டு விடைகளைக் கலந்து மூன்றாவது விடை செய்யும் முறை. 2-க்குப் பதில் 92 இருக்கும் சமன்பாட்டை ஒரு வருஷத்துக்குள் தீர்ப்பவன் கணக்காளன் என்று சவால்கூட விட்டிருக்கிறார். அதன் விடை 1151, 120. பிறகு 1150இல் இரண்டாம் பாஸ்கரர், 61 இருக்கும் சமன்பாட்டுக்குச் சக்கரவாளம் என்ற முறையில் விடை கொடுத்தார். மேல் எண் 1,76,63,19,049. கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் கழித்து, 1657இல், ஃபெர்மா ஐரோப்பியக் கணக்காளர்களுக்குச் சவாலாக விட்ட எண்களில் அதே 61-ம் இருந்தது.

அப்படியானால் ராமானுஜன் செய்தது சாதாரணமா?

இல்லவே இல்லை. மேலே நான் இரண்டு பக்கம் எழுதியதை அவர் கரண்டி ஒரு சுற்று சுற்றுவதற்குள் பார்த்தார். என்னைக் கேட்டால் ஒரு மாசம் ஆகும்.

ஆனால் அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கும்பகோணத்தில் கையில் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூலை வைத்துக்கொண்டு ஆரம்பித்து, பல வருஷம் சிலேட்டில் எழுதி எழுதி அழித்தவர். காலேஜ் பரீட்சையில் தோற்று, 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக உட்கார்ந்தவர். அவருடைய நோட்டுப் புத்தகத்தில் தொடர் பின்னங்களுக்கு என்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் ஹார்டியையே திணற அடித்தவை எவை தெரியுமா? தொடர் பின்னச் சூத்திரங்கள்தான்.

ஆக, அன்றைக்கு மகலனோபிஸ் படித்துக் காட்டியது அவருக்குப் புதிய கணக்கு இல்லை. பத்து வருஷமாக அவர் குடியிருந்த தெருவிலேயே ஒரு வீட்டைக் காட்டி "இது யார் வீடு?" என்று கேட்ட மாதிரி. நமக்கு அந்த ஊரே புதுசு, அதனால் மந்திரம் மாதிரி தெரிகிறது. தெய்வத்தை நம்பினார், அது அவர் நம்பிக்கை, அதைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் 'அருள்' என்ற ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிட்டால் அந்தச் சிலேட்டைக் காணாமல் போக்கிவிடுகிறோம். கூடவே, கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "இது உனக்கு இல்லை" என்றும் சொல்லிவிடுகிறோம்.

அதனால் மறுபடி அக்கா வீட்டுக்குப் போனபோது கதையைச் சொல்லவில்லை. எட்டு வீட்டுத் தெருவைப் பேப்பரில் வரைந்து, "இதுல எந்த வீடு?" என்று மட்டும் கேட்டேன். ஆறு என்று கண்டுபிடிக்க மூணு நிமிஷம். ஏழு சோதனையை அவளே செய்தாள். 289-இல் வந்து "மாமா, 144!" என்று கத்தினாள். சங்கிலி விதியைக் காட்டியபோது 7/5-ஐயும் 41/29-ஐயும் நான் ஒதுக்கினேன். "அதெல்லாம் ஏன் தூக்கிப் போடுறீங்க, அதுக்கும் ஏதாவது தெரு இருக்கும்ல?" என்றாள்.

நான் அதை யோசித்ததே இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டோம். இருக்கிறது! தன் வீட்டு எண்ணையும் இடது பக்கத்தோடு சேர்த்துக் கூட்டினால் வலது பக்கத்துக்குச் சமமாகும் தெருக்கள். மூன்று வீட்டுத் தெருவில் 1 + 2 = 3. அது 7/5-இலிருந்து வருகிறது. 41/29 தருவது இருபது வீட்டுத் தெரு, 14ஆம் எண் வீடு: 1 முதல் 14 வரை 105, 15 முதல் 20 வரையும் 105. −1 என்று நான் தள்ளி வைத்தவை எல்லாம் இந்தத் தெருக்கள்தான்.

இந்த வகைத் தெருவில் 50க்கு மேல் 500க்குள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எத்தனை வீட்டுத் தெரு, எந்த எண் வீடு என்று நான் சொல்லப்போவதில்லை. தேவையான பின்னம் மேலே எழுதிய வரிசையிலேயே இருக்கிறது. அவள் கண்டுபிடித்துவிட்டாள். நீங்களும் போட்டுப் பாருங்கள்.